சந்தோஷ லாட்

பனியனைத் தலைவழியாக மாட்டி, இரண்டாவது கையை நுழைப்பதற்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. முழுப்பரீட்சை முடிகிற நாளில் மணி அடித்ததும் பேனா மையை ஒருத்தர் மேல் ஒருத்தர் உதறிக்கொண்டு ஓடி வருவோமே, அந்தச் சிரிப்பு. கண்ணாடி அறைக்குள் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து, செக்கிங் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வரிசையாக வந்து நின்றார்கள். அவர்கள் அதுவரை அந்த அறையில் நான் அழுதுதான் பார்த்திருக்கிறார்கள்.

என் வேலை அப்படி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எங்களுக்கு ‘உடுத்திப் பார்ப்பவர்’ என்று கௌரவமான ஒரு பெயர் இருக்கிறது. ஊருக்குள் அழுமூஞ்சி என்றுதான் சொல்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டு முடித்ததும் காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் எழுந்து போனார்கள். டம்ளரும் அவர்களோடு போய்விட்டது.

எல்லாம் அந்த உணர்வுச் சாயத்தால் வந்த வினை. நிறமே இல்லாத சாயம் அது. துணிக்கு அதை ஏற்றிவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கை அந்தத் துணியை அதிக நேரம் தொடுகிறதோ அந்தக் கையின் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பயந்தவர் வியர்வை ஒரு மாதிரி, சந்தோஷமானவர் வியர்வை வேறு மாதிரி. யாராவது உடுத்தி உடம்புச் சூடு பட்டதும், குடித்ததை அப்படியே திருப்பிக் கக்கும். தைத்தவளுக்கு இருந்த மனசு உடுத்தியவனுக்கு வரும். முதல் சலவையில் போய்விடும் என்றாலும் அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும். ஐரோப்பாவில் ஒரு மாப்பிள்ளை கோட்டுக்கு உள்ளே புதுப் பனியன் போட்டுக்கொண்டு மணமேடை ஏறி, தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

அதற்கு முன்னாலும் சட்டம் இல்லாமல் இல்லை. உங்கள் கம்பெனியிலும், உங்களுக்கு வேலை செய்துகொடுக்கும் யூனிட்டுகளிலும் யாரையும் அடைத்து வைத்து வேலை வாங்கவில்லை என்று உறுதிமொழி கொடுக்கச் சொல்வார்கள். எல்லாரும் கொடுத்தார்கள். அடைத்து வைத்திருந்தவர்கள் இன்னும் அழகான எழுத்தில் கொடுத்தார்கள். இப்போது அந்தக் கதை நடக்காது. எல்லாத் துணிக்கும் அந்தச் சாயம் கட்டாயம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரு தடவை தைத்து வருகிற சரக்கிலிருந்தும், ஒரு பனியனை எடுத்து நாங்கள் உடுத்திப் பார்க்க வேண்டும். பயமோ துக்கமோ வந்தால் லாட் நிற்கும், விசாரணை நடக்கும்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா. ஒரு யூனிட்டில் நாள் முழுக்க நகைச்சுவைக் காட்சிகளை ஒலிபெருக்கியில் போட்டார்கள். இன்னொருவர் சிரிப்பு யோகா மாஸ்டர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார். அந்த லாட்டை உடுத்தியபோது எனக்கு அந்த மாஸ்டரை அடிக்க வேண்டும் போல் கை பரபரத்தது.

ஆகவே, இந்த லாட்டில் உண்மையான சிரிப்பு வந்ததும் முதலில் நானே நம்பவில்லை. இன்னொரு பனியனைப் பிரித்துப் போட்டேன். அதிலும் அதே குதியாட்டம்.

எங்கள் முதலாளி நாச்சிமுத்து அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். கெட்ட செய்தி காதில் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுற்றிப் போவார். அது ஒன்றுதான் அவரிடம் கோளாறு.

“என்ன அம்மிணி, கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“நீங்களே போட்டுப் பாருங்ணா.”

வேட்டிக்கு மேல் அந்த லாட்டிலிருந்தே இன்னொரு பனியனை எடுத்துப் போட்டார். தொப்பையைத் தாண்டி அது இறங்குவதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கணக்குப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தார். வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவருக்குக் கை கொடுத்தார். “யாருது இந்த லாட்?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மறுபடியும் சிரித்தார்.

லாட் வெள்ளகோவில் பக்கம் தங்கவேலு என்பவருடைய யூனிட்டிலிருந்து வந்திருந்தது. யூனிட்டுக்குள்ளேயே விடுதி, தைப்பவர்கள் எல்லாம் தூரத்து ஊர்ப் பெண்கள். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையருக்கு என் ரிப்போர்ட்டோடு மாதிரிப் பனியன் அனுப்பியதும் அங்கே அலுவலகமே ஆடியிருக்கிறது. அந்த யூனிட்டில் தைக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம், இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. நல்ல யூனிட் என்று பாராட்டுப் பத்திரம் வேறு.

“நேர்லயே போய் மாலை போட்டுட்டு வந்துரலாம், கிளம்பு,” என்றார் அண்ணன். அந்த லாட் பனியனையே இருவரும் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய யோசனை. மரியாதையாக இருக்குமாம்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று யூனிட்டின் கேட்டைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஆள் உயரத்துக்கு மேலே கேட், அதற்கு வெளியிலிருந்து பூட்டு. விடுதி ஜன்னல்களுக்குக் கம்பி போதாதென்று வலை. காவலாளி எங்களை உள்ளே விட்டுவிட்டு மறுபடியும் பூட்டிய சத்தம் கேட்டது. எனக்குப் பயம் வர வேண்டும். வரவும் செய்தது. ஆனால் பனியன் விடவில்லை. பூட்டைப் பார்த்துச் சிரித்தேன். வலையைப் பார்த்துச் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டாலும் தோள் குலுங்கியது. வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக நான் உணர்ந்ததில்லை.

தங்கவேலு நெற்றி நிறைய விபூதியோடு வந்து கும்பிட்டார். “வாங்ணா, வாங். நம்ம புள்ளைங்களுக்கு ஒரு குறையும் வெக்கிறதில்லீங். டிவி இருக்குது, கோயில் இருக்குது, எல்லாம் உள்ளயே இருக்குது. வெளிய போகோணும்ங்கிற அவசியமே இல்லீங்.”

“போன் பேசிக்குவாங்களா?” என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே.

“அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசிக்கலாமுங். நாங்க கூடவே இருப்போம்.”

பவர் டேபிள் தையல் மெஷின்களில் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. அண்ணன் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் “நல்லாருக்கோம் சார்” என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. இந்த முகங்களிலிருந்து எப்படி இந்தச் சிரிப்பு வந்தது?

தங்கவேலு அண்ணனைப் புது ஓவர்லாக் மெஷினைக் காட்ட அழைத்துப் போனார். நான் கடைசி மேஜையருகே நின்றுவிட்டேன். அங்கே ஒல்லியாக ஒரு பெண் பனியனுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து அட்டையில் பாண்டிமீனா என்று இருந்தது.

“எதுக்குக்கா சிரிக்கிறீக?” என்று நிமிராமலே கேட்டாள். “எங்களைப் பாத்தா சிரிப்பா இருக்கா?”

“என் சிரிப்பு இல்ல கண்ணு. உங்க சிரிப்புதான். நீங்க தெச்ச பனியன்ல இருந்து வருது.”

அவள் கால் பெடலில் நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

“துணியில தெரியுமாக்கா?”

“அதுக்குத்தானே அந்தச் சாயம் போடறாங்க. யாரும் சொல்லலியா?”

“துணி கெட்டுப்போகாம இருக்கப் போடுற மருந்துன்னு சொன்னாக.” பனியனைக் கீழே வைத்தாள். “எது வரைக்கும் தெரியும்?”

“சந்தோசம்னு மட்டுந்தான் தெரியும். எதுக்குன்னு தெரியாது.”

அவள் மெல்ல மூச்சை விட்டாள். அந்த மூச்சில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நானும் ஒருமுறை அப்படி மூச்சு விட்டிருக்கிறேன். படிப்பு முடிவதற்குள் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்தபோது, யாருக்கும் தெரியாமல் சித்தி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு.

“எப்போ போறீங்க?” என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். என்னை நம்பலாமா கூடாதா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கும். நானோ பைத்தியம் மாதிரி இளித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரிந்ததால் நம்பினாளோ என்னவோ.

“ஆடிப் பதினெட்டுக்கு,” என்றாள். “மொதலாளி வீட்டுல ஒரு வேண்டுதல் உண்டு. அன்னைக்கு அவுக வீட்டு முளைப்பாரியைக் கன்னிப் பொண்ணுகதான் தூக்கிட்டுப் போயி அமராவதி ஆத்துல விடணும். வருசத்துல அந்த ஒரு நாளுதான் எங்களை வெளிய கூட்டிட்டுப் போவாக. தாராபுரம் பஸ் ஸ்டாண்டு ஆத்துலேருந்து பக்கம்தான். எல்லாரும் சேந்து முடிவு பண்ணிருக்கோம்.”

“அதிகாரிங்ககிட்டச் சொல்லிப் பாத்தீங்களா?”

“ஒரு தடவை வந்தாக. அவுக வாரது முந்தின நாளே இங்க தெரிஞ்சுபோச்சு. வாயைத் தொறந்தவளை மறுநாளே வேற ஊரு மில்லுக்கு ஏத்திவிட்டாக. எங்க இருக்கான்னு அவுக அம்மாவுக்கே தெரியாது. மொதல்ல வெளிய போயிட்டு அப்புறமா சொல்றோம்கா.” கொஞ்சம் நிறுத்தினாள். “முடிவு பண்ணுன நாள்லருந்து எங்க யாருக்கும் உள்ளுக்குள்ள அடங்கவே மாட்டேங்குது. மூஞ்சியில காட்டக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். கையில காட்டிக்குடுக்கும்னு யாரு கண்டா?”

அவள் உதடு ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்து மறைந்தது.

அப்போதுதான் தங்கவேலு கையைத் தட்டி எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். எங்கள் அண்ணன் பெரிய ஆர்டர் கொண்டு வந்திருக்கிறார் என்று அறிவித்தார். பிறகு பெருமையாகச் சொன்னார்: “அதனால இந்த வருசம் ஆடி நோம்பிக்கு ஆத்துக்குப் போறது இல்லை. முளைப்பாரியை டிரைவர் கொண்டுபோய் விட்டுருவான். அன்னிக்கும் ஷிஃப்ட் ஓடோணும்.”

பாண்டிமீனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அவர்கள் சந்தோஷத்தை நான்தான் கண்டுபிடித்தேன். நான் எழுதிக் கொடுத்ததால்தான் ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்ததால் ஆறு போய்விட்டது. எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது, வந்ததோ சிரிப்பு.

அந்தப் பனியன் எனக்குச் செய்த ஒரே உபகாரம் இப்போதுதான் நடந்தது. சந்தோஷம் தலைக்கேறியவளுக்குப் பயம் இருக்காது. சாதாரண நாளாக இருந்தால் முதலாளிகள் பேசும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

“அண்ணா, ஆத்துக்குப் போகலைன்னா லாட் செத்துப்போயிரும்,” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“இந்தச் சந்தோசமே ஆடி நோம்பிச் சந்தோசந்தானுங். இந்தப் புள்ளைங்க அந்த நாளை நெனச்சு நெனச்சுத்தான் தெச்சிருக்குதுங்க. நீங்க நிறுத்தினா அடுத்த லாட் அழுகையாத்தான் வரும். நாந்தான் போட்டுப் பாக்கோணும், நாந்தான் எழுதோணும்.”

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

தங்கவேலு முகம் சுருங்கியது. “அதெப்படிங்க? ஒரு நாள் வெளிய போறதுக்கா இவ்வளவு சந்தோசம்?”

“பொம்பளப் புள்ளைங்களுக்கு ஆத்துத் தண்ணியக் கண்டா அப்படித்தானுங்,” என்றேன்.

எங்கள் அண்ணன் பனியனுக்குள் மலர்ந்துபோய் நின்றார். “போகட்டும் தங்கவேலு. ஒரு நாள்தானே. சோறு நம்ம கம்பெனி செலவு. தேங்காச் சோறு, எலுமிச்சஞ் சோறு, எல்லாம் கட்டி எடுத்துட்டு நானே வர்றேன்.”

“வயசுப் புள்ளைங்க, அவ்வளவு கூட்டத்துல... சூப்பர்வைசருங்களச் சுத்தி நிறுத்தோணுமே.”

“அது வேண்டாமுங்,” என்று நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். “பக்கத்துல சூப்பர்வைசர் நின்னா அந்தப் பயமும் கையில ஏறிக்கும். மறுநாள் தெக்கறப்ப துணிக்கு வந்துரும். வேணும்னா எல்லாருக்கும் ஒரே கலர்ல சேலை எடுத்துக் குடுத்தரலாம். நீங்க கார்ல ஏசியப் போட்டு உக்காந்துட்டே கண்ணுல வெச்சுக்கலாம்.”

அவருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. “நல்ல பளிச்சுனு தெரியற கலரா எடுங்க அம்மிணி.”

“மஞ்சள் எடுக்கறேனுங்,” என்றேன்.

ஆடிப் பதினெட்டு அன்று அமராவதியில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. ஊரே ஆற்றில்தான். மரத்துக்கு மரம் தூரி கட்டி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள். கரையில் கன்னிமாரைக் கும்பிட்டு, புதுத் தாலிச்சரடு மாற்றி, தலைக்கு ஊற்றிக்கொள்ள வந்த பெண்களில் பாதிப் பேர் அம்மனுக்கு உகந்ததென்று மஞ்சள் சேலை கட்டி வந்திருந்தார்கள். வருடா வருடம் அப்படித்தான் வருவார்கள். வருடா வருடம் காருக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கவேலுவுக்கு அது தெரியாது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களுக்கு நான் சோற்றுப் பொட்டலம் கொடுத்தேன். பொட்டலத்துக்கு அடியில் பஸ் செலவுக்குப் பணமும் வைத்திருந்தேன். பாண்டிமீனா முளைப்பாரிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் முதுகு மட்டும் சிரித்தது. அன்றைக்கு நான் அந்தப் பனியனைப் போடவில்லை. ஆனாலும் எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

அவர்கள் முளைப்பாரியை ஒழுங்காகத்தான் விட்டார்கள். வேண்டுதலில் குறை வைக்கவில்லை. பச்சைப் பசேலென்று சட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. நான் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எந்த மஞ்சள் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

தங்கவேலுவுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. காரை விட்டு இறங்கி, கரையில் நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஒரு மஞ்சள் சேலையைப் போய்த் தோளில் தட்டினார். திரும்பியது வாட்டசாட்டமாக ஒரு தாராபுரத்து அம்மாள். அந்த அம்மாள் அவரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அந்த அம்மாளின் மருமகன்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தங்கவேலுவை விட்டபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து மதுரை பஸ், திண்டுக்கல் பஸ், பழநி பஸ் எல்லாம் கிளம்பிப் போயிருந்தன.

நாச்சிமுத்து அண்ணன் தேங்காய்ச் சோற்றை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“உனக்கு முன்னயே தெரியுமா?”

“தெரியுமுங்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்ணா?”

அவர் வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். “தங்கவேலுக்குப் போன் போட்டு என்ன ஏதுன்னு கேட்டிருப்பேன்,” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுதான் காரணம். சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து கை கழுவப் போனார்.

ஊர் போய்ச் சேர்ந்த பெண்கள், அவரவர் ஊர்க் கலெக்டர் ஆபீசில் ஒரே நாளில் புகார் கொடுத்தார்கள். அண்ணனும் நானும் எங்கள் பங்குக்குச் சாட்சி சொன்னோம். அவர் போய் நின்றது எனக்கே ஆச்சரியம். வேற்றூர் மில்லுக்கு ஏற்றிவிடப்பட்ட பெண்ணையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். கேட் கழற்றப்பட்டது. தங்கவேலு இப்போது வக்கீல்களோடு அலைகிறார். பையரிடமிருந்து எங்களுக்கு வந்த கடிதங்களைப் படித்து அண்ணனுக்குப் பத்து வயது கூடிவிட்டது. உடுத்திப் பார்க்கிற விதிகளிலும் புதிதாக ஒன்று சேர்த்தார்கள்: அளவுக்கு மீறிய மகிழ்ச்சி வந்தாலும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வரி என்னுடையது. என் வாழ்க்கையில் அச்சான ஒரே வரி.

போன வாரம் ஒரு புது யூனிட்டிலிருந்து லாட் வந்தது. அவிநாசி ரோட்டில், பெண்கள் டவுன் பஸ்ஸில் வந்து போகிற இடம். பனியனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. சாயம் சரியாக ஏறவில்லையோ என்று இன்னொன்றைப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வலது தோளில் லேசான கடுப்பு. யாரோ மேலே சின்ன எரிச்சல், அதுவும் சீக்கிரமே ஆறிப்போனது. ஒரு கொட்டாவி. பிறகு நீளமாக, சோம்பலாக, வேறு எதுவுமே கலக்காத சலிப்பு. பயம் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று கண்ணை மூடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

அண்ணனும் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “என்ன அம்மிணி, உப்புச் சப்பே இல்லையே. இதப் போட்டுட்டு எவன் ஆடுவான்?”

“ஆட வேண்டாமுங்ணா. பாஸ்.”

மத்தியானம் பாண்டிமீனா போன் செய்தாள். புகார் முடிந்ததும் திருப்பூருக்கே வந்து, மூன்று தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

“எங்க லாட்டு வந்துச்சாக்கா? அவிநாசி ரோட்டு யூனிட்டு?”

“அது உங்களுதா? வந்துச்சு கண்ணு.”

“எப்பிடி இருந்துச்சு?”

“ஒரே போரு. எனக்குத் தூக்கமே வந்துருச்சு.”

அவள் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. “ஆமாக்கா, ரொம்ப போரு. அந்தச் சூப்பர்வைசரு வேற தொணதொணன்னு. நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“திட்டலியா?”

“திட்டுனாரு. திட்டிட்டுப் போகட்டும்.”

“லீவு எதுக்கு? ஊருக்குப் போறியா?”

“இல்லக்கா,” என்றாள். “சும்மாதான்.”